விசாரணை அக்காவும் முகம் பார்க்கும் மெஷினும்

ஆம்பூர் வட்டாரத்தில் எந்தப் புது மெஷினும் விசாரணை அக்காவுக்குப் பதில் சொல்லாமல் வேலையில் சேர்ந்ததில்லை. மாப்பிள்ளை பார்ப்பது போல்தான் விசாரிப்பார்: எந்த ஊர், யார் சிபாரிசு, கோபம் வருமா.

பத்திரிகைக்கு வருமுன் நான் மாதனூர் அருகே ஒரு ஷூ கம்பெனியின் டைம் ஆபீஸில், வருகைப் பதிவு வேலையில் இருந்தேன். அக்கா அங்கே தையல் பிரிவு. கம்பெனி பஸ்ஸில் ஜிபிஎஸ் பொருத்திய அன்றே டிரைவரை மடக்கினார். "பஸ் எங்க இருக்குன்னு அதுக்குத் தெரியும், சரி. பஸ்ஸ புடிக்க நாலு பேர் ஓடி வர்றது தெரியுமா?" டிரைவர் அன்றிலிருந்து பக்கக் கண்ணாடியை அடிக்கடி பார்க்கத் தொடங்கினார்.

பிறகு, முகம் பார்த்து வருகை பதியும் மெஷின் வாசலுக்கு வந்தது. அக்கா என்னை மடக்கினார்.

"இன்னா தம்பி, இது சிரிச்சா ஒத்துக்குமா, மொறைச்சா ஒத்துக்குமா?"

"சும்மா நின்னா போதும்க்கா."

"சும்மா நின்னா சூப்பர்வைசர் திட்றாரே!"

அக்காவுக்குப் பக்கத்து இருக்கை செல்வி. அந்த மாதம் ஒரு ஆப்சென்ட்டும் விழாவிட்டால் அவர் வேலை நிரந்தரம். அதற்காக வேண்டிக்கொண்டவர், ஞாயிற்றுக்கிழமை திருப்பதிக்குப் போய் முடியை முன்கூட்டியே கொடுத்துவிட்டு வந்தார். திங்கட்கிழமை காலை மெஷின், "அடையாளம் தெரியவில்லை" என்றது. செல்வி தலைச் சந்தனத்தைத் துடைத்துப் பார்த்தார். முக்காடு போட்டுப் பார்த்தார். அதே குரல். அழுதுவிட்டார்.

இனி வருகையை நோட்டில் கையால் எழுதக் கூடாது என்பது மேலிடத்து உத்தரவு. அதை நான் சொன்னதும் அக்கா என் மேஜைக்கு வந்தார்.

"தம்பி, இவ யாரு?"

"செல்வி."

"மொட்டையா இருக்கா. எப்டி தெரிஞ்சுது?"

"தினம் பாக்கறேனே."

"அதுவுந்தான் தினம் பாக்குது. உனக்குத் தெரியுது, அதுக்குத் தெரியல. ரெண்டு பேர்ல யார சேர் போட்டு உக்கார வெச்சிருக்காங்க?"

வரிசை முழுவதும் சிரித்தது. நான் நோட்டை எடுத்தேன். எனக்கு மெமோ வந்தது; மாதக் கடைசியில் செல்விக்கு நிரந்தர உத்தரவு வந்தது. அக்கா மெஷினைத் தட்டிக் கொடுத்தார். "புதுசு இல்ல? போகப் போகக் கத்துக்கும்."

போன மாதம் ஆம்பூர் பஸ் ஸ்டாண்ட் எதிரே பைக்கை நிறுத்தினேன். தலையில் ஹெல்மெட், முகத்தில் மாஸ்க். சாலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"இன்னா தம்பி, எளச்சிட்ட?"

வீட்டில் யாரும் அதுவரை அதைக் கவனித்திருக்கவில்லை.