ஓஷில் உட்கார்ந்திருந்த பழைய நகல்

அன்புள்ள மருமகன் எல்தாருக்கு,

பிஷ்கேக்கிலிருந்து உன் மாமன் ஜோல்சுபேக் எழுதுவது. என் ரத்தக் கொதிப்பு நீங்கலாக இங்கே எல்லாரும் நலம். அல்மாத்தியில் நீயும் நலமாகத்தான் இருப்பாய், அவதிப்பட்டது நாங்கள்தானே.

என் மகள் ஐபெரியின் கல்யாண விருந்துக்கு நீ வலைப்பக்கம் போட்டுக் கொடுத்தாய், சந்தோஷம். மண்டபக்காரன் கடைசி நேரத்தில் பெரிய கை ஒன்றுக்கு மண்டபத்தைத் தூக்கிக் கொடுத்துவிட, நான் சந்தைக்குப் பின்னால் வேறு மண்டபம் பிடித்தேன், நீயும் வலைப்பக்கத்தில் இடத்தை மாற்றினாய், இங்கே கண்ணாடி போட்டுப் பார்த்தேன், புது மண்டபம்தான். ஆனால் ஓஷில் இருக்கும் சம்பந்தி கல்முராத் திறந்தால் பழைய மண்டபம்! கேட்டால், "ஊருக்கு ஊர் பக்கத்தோட நகல் வெச்சிருக்கோம் மாமா, கேக்கறவங்களுக்குக் கிட்டத்துல இருக்கற நகல் போகும், அப்பத்தான் வேகம். ஓஷ் நகலை அழிக்க மறந்துட்டேன்" என்கிறாய். வேகத்துக்கு என்ன குறை? சம்பந்தி பஸ் நிறைய ஆட்களோடு வேகமாகவே போய் ஊரான் வீட்டுக் கல்யாணத்தில் இறங்கினார்.

வந்த விருந்தாளியை யார் வீட்டு ஆள் என்று நம்மவர்கள் கேட்பார்களா? மேல்வரிசையில் உட்காரவைத்து, நரைத்த தாடியைப் பார்த்து, மூத்தவர்களுக்கென்றே வைக்கும் இடுப்பெலும்புக் கறியையே கையில் கொடுத்துவிட்டார்கள். இங்கே மாப்பிள்ளை நேராக வந்துவிட்டான், அவன் அப்பா தன் முகத்தைக் கையால் தடவி ஆசி சொல்லாமல் ஒன்றும் நடக்காது, ஐபெரி முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைக்கிறாள். போன் போட்டால், "எலும்பைக் கையில வாங்கிட்டு நடுவுல எந்திரிச்சா அவங்க மானம் என்னாவறது சம்பந்தி?" என்கிறார். இழுத்து வரலாமென்று நானே போனேன். வாசலிலேயே பிடித்து உட்காரவைத்து எனக்கும் ஒரு தொடையெலும்பைத் திணித்தார்கள். அப்புறம் நான் மட்டும் எப்படி எழுந்திருப்பது?

கடைசியில் அந்த வீட்டுக்காரரிடம் காதோடு சொன்னேன். மனுஷன் விழுந்து விழுந்து சிரித்து, "அட பாவிங்களா, முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்று எலும்புகளைப் பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். கட்டிக் கொடுத்துவிட்டால் எழுந்திருக்கலாம், யாருக்கும் மரியாதைக் குறைவில்லை. விளக்கு வைத்த பிறகு சம்பந்தி வந்து ஆசி சொன்னார். ஐபெரி சிரித்தாள். அதன் பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

ஆகவே எல்லா ஊர் நகலையும் இன்றே அழித்துவிடு. அசல் ஒன்று போதும். கல்யாணப் படங்கள் என் வீட்டுக் கணினியில் இருக்கின்றன. வேண்டியவர்கள் என்னையே கேட்கட்டும், நானே அனுப்புகிறேன் என்று உறவு முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

உன் பெற்றோரை விசாரித்ததாகச் சொல். உன் வீட்டுச் சாப்பாட்டு விரிப்பில் ரொட்டி குறையாதிருக்கட்டும்.

உன் மாமன்,
ஜோல்சுபேக்

பி.கு.: மேலே உள்ளது காலையில் எழுதியது. அதன் பிறகு போன் ஓயவில்லை. தலாஸ், நாரின், கராகோல் என்று எல்லா ஊரிலிருந்தும் ஆளாளுக்குக் கூப்பிட்டு, பிள்ளைகுட்டி முதல் ஆடு குதிரை வரை நலம் விசாரித்துவிட்டுத்தான் படம் கேட்கிறார்கள். எல்லாருக்கும் வேண்டியது ஒரே படம்: ஊரான் கல்யாணத்தில் சம்பந்தி இடுப்பெலும்போடு வீற்றிருப்பது. எடுத்தவன் நான்தான். கணினி படுத்துவிட்டது, உன் அத்தையும் படுத்துவிட்டாள். உனக்குப் புண்ணியமாகப் போகும், ஊருக்கு ஒரு நகல் வை. ஓஷில் மட்டும் பழையதையே விட்டுவை. சம்பந்தி பார்த்தால் நான் தொலைந்தேன்.