வரக்காப்பொலையில் நின்ற பஸ்ஸும் மகாதேவியின் முந்நூற்று எண்பத்துநான்கு அட்டைகளும்

கலைந்தவற்றை நிரைப்படுத்தும் கலையில் கரைகண்டவளும், எத்தனை எண்களை எத்தனை ஒப்பீட்டில் வரிசையாக்கலாம் என்று மூன்றாண்டு ஆராய்ந்து மூக்குக்கண்ணாடியின் கனத்தைக் கூட்டிக்கொண்டவளும், மாவனல்லைக்கு மேலேயுள்ள றப்பர்த் தோட்டத்துக் கிளாக்கர் ஏரம்பமூர்த்தியின் தவப்புதல்வியுமாகிய மகாதேவி வாழ்க. அவள் மடியில் வீற்றிருந்த சப்பாத்துப் பெட்டியும், அதனுள் ஒன்று முதல் முந்நூற்று எண்பத்துநான்கு வரை அணிவகுத்து நின்ற துளையட்டைகளும் வாழ்க.

எழுபத்தாறாம் ஆண்டு ஆவணியில் அவள் கொழும்பு பஸ் ஏறினாள். பல்கலைக்கழகத்துக் கம்பியூட்டர் என்னும் பெருந்தெய்வம் மாதத்துக்கு ஒரு மணிநேரமே அவளுக்குக் காட்சி தரும். அன்று பிற்பகல் இரண்டு மணிக்கு அந்த முகூர்த்தம். அதற்கான கட்டளைகளைத் துளைகளாய்த் தாங்கிய அவ்வட்டைகளில் ஒன்று இடம் மாறினாலும் தெய்வம் வாய் திறவாது.

கேகாலைக்கு முந்திய வளைவில், மதங்கொண்ட களிறென எதிர்ப்பட்ட லொறிக்கு அஞ்சிச் சாரதி பிரேக்கை மிதிக்க, பெட்டி எகிற, அட்டைகள் யாவும் முறியடிக்கப்பட்ட சேனைபோல் சீற்றுகளுக்கடியில் சிதறி ஓடின.

"என்ட அட்டையெல்லாம் கீழ போயிட்டுது," என்றாள் மகாதேவி.

றப்பர்க் காட்டு அட்டைகளுக்கு ஆண்டாண்டாய்க் குருதிக்கொடை ஈந்தவர்கள் நிறைந்த பஸ் அது. இருந்தவர்களின் கால்கள் அனைத்தும் ஒருசேர உயர்ந்தன.

"கடிக்கிற அட்டையில்லை. கடுதாசி அட்டை."

கால்கள் தாழ்ந்தன, கைகளும் தாழ்ந்தன. பொறுக்கியவற்றை எட்டுப் பேருக்கு ஆளுக்கு நாற்பத்தெட்டாய்ப் பகிர்ந்து, அவள் போராணை பிறப்பித்தாள்: "முதல்ல உங்கட பங்கை நிரைப்படுத்துங்கோ. பிறகு ரெண்டு ரெண்டு பேராச் சேர்ந்து, மேலிருக்கிற ரெண்டு அட்டையில சின்ன எண்ணை முதல்ல வையுங்கோ."

"எங்கட கடையில பொத்தானையும் இப்பிடிப் பிரிச்சதில்ல, தங்கச்சி," என்றார் மாவனல்லைப் புடவை வியாபாரி முக்தார். ஆயினும் அவர் விரல்கள் பறந்தன. எட்டுக் கட்டு நான்காகி, நான்கு இரண்டாகி, இறுதிக் களத்தில் முக்தாரும், றப்பர்ப் பால்வாளி சுமந்து தோள் உரமேறிய தோட்டத்து வெள்ளையம்மாவும் இருபெருந் தளபதிகளாய் எதிரெதிர் அமர்ந்தனர்.

அந்தோ, அக்கணமே வரக்காப்பொலை வந்தது. வெள்ளையம்மா இறங்கவேண்டிய இடம் அதுதான்.

"பஹின்ன, பஹின்ன," என்று கொண்டக்டர் இறங்கச் சொல்லி அதட்டினார்.

"பொட்டக் இன்ன, மாத்தியா," என்று அவரைப் பொறுக்கச் சொன்ன வெள்ளையம்மா, மகாதேவியின் பக்கம் திரும்பினாள். "நீங்க பயப்படாதீங்க. கையில எடுத்தத முடிக்காம எறங்க மாட்டேன்."

சேர்க்க மிச்சமிருந்தவை அவளிடம் நாற்பத்திரண்டு, முக்தாரிடம் நாற்பது. விதி எவ்வளவு கொடிதாயினும் எண்பத்தோர் ஒப்பீட்டுக்கு மேல் செல்லாதென மகாதேவி தன் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்திலேயே நிறுவியிருந்தாள். அதைக் கொண்டக்டருக்குச் சிங்களத்தில் விளக்கினாள். நிரூபணத்தின் முன் நின்று அனுபவமில்லாத அவர், மணிக்கயிற்றிலிருந்து கையை எடுத்தார்.

எண்பதாவது ஒப்பீட்டில் போர் முடிந்தது. வெள்ளையம்மா சேலை மடிப்பை உதறிக்கொண்டு வெற்றித்திருமகளென இறங்கிச் சென்றாள். நாடு மீட்ட வேந்தனின் பூரிப்போடு தலைநகர் புகுந்த மகாதேவி, சப்பாத்துப் பெட்டியை மார்போடணைத்தபடி, இரண்டு மணிக்கு ஐந்து நிமிடமிருக்கக் கம்பியூட்டர் அறையின் வாயிலை அடைந்தாள்.

கரண்ட் இல்லை, அடுத்த மாதம் வாங்கோ என்றார் பியோன்.