ஸ்டோர்க்காரர் காவல் காத்த மூட்டை

இந்தத் தடவை விட்டுக்கொடுப்பதில்லை என்று ஸ்டோர்க்காரர் குளியலறைக்குள் நின்றுகொண்டு முடிவு செய்தார். கூடத்தில் நின்று முடிவு செய்தால் முகத்தைப் பார்த்தே மனைவி கண்டுபிடித்துவிடுவாள். அதனால் முக்கியமான முடிவுகளையெல்லாம் அவர் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டுதான் எடுப்பது வழக்கம். தண்ணீரும் ஓடிக்கொண்டிருந்தால் இன்னும் துணிச்சலாக எடுப்பார்.

ஸ்டோர்க்காரர் என்றதும் ஏதோ கடை வைத்திருந்தவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு தொழிற்சாலையில் சாமான் கிடங்குக்குப் பொறுப்பாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்குத் தெரியாமல் ஒரு போல்ட்கூட அந்த வாசலைத் தாண்டியதில்லை. முதலாளியே வந்து நின்றாலும் கையெழுத்து வாங்காமல் கொடுக்கமாட்டார். அப்பேர்ப்பட்ட மனுஷன், வீட்டில் தன் மூக்குக்கண்ணாடி எங்கே என்று மனைவியைக் கேட்காமல் ஒரு நாளும் விடிந்ததில்லை.

முடிவுக்குக் காரணம் காலையில் நடந்த பேச்சு.

"என்னங்க, பரண்ல இருக்கிற பாப்பா பெட்டியை இறக்குங்க."

"எதுக்கு?"

"அவ துணியையெல்லாம் வெட்டி ஒட்டுப்போர்வை தைக்கப்போறேன்."

"வெட்டியா?"

"வெட்டாம எப்படித் தைக்கிறது? மந்திரம் போட்டா?"

பாப்பா அவர்களுடைய ஒரே மகள். வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண். போன வருஷம் காய்ச்சல் என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போனது மூன்று பேர், திரும்பி வந்தது இரண்டு பேர். அதற்கு மேல் சொல்ல ஸ்டோர்க்காரருக்கு வாய் வராது. எனக்கும் வரவில்லை.

அவள் துணிகளைத் துவைக்கக்கூட விடாமல் பெட்டியில் அடுக்கிப் பரணில் ஏற்றியவர் அவர்தான். அதெல்லாம் முழுசாக இருக்கும்வரை மகள் எங்கேயோ வெளியூர் போயிருக்கிற மாதிரி அவருக்கு ஒரு நினைப்பு. கத்தரிக்கோல் பட்டால் அந்த நினைப்பும் போய்விடும். இதை மனைவியிடம் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயைத் திறந்தால் அழுகை முந்திக்கொள்ளும். அதனால் வாதம் பண்ணினார்.

"பெட்டிக்குள்ள அது பாட்டுக்கு இருக்கட்டுமே. உனக்கு என்ன கெடுதல் பண்ணுது?"

"பூச்சி அரிக்குதுங்க. நமக்கும் இல்லாம பூச்சிக்கா வெச்சிருக்கீங்க? எனக்கு அவளைப் போர்த்திக்கிட்டுப் படுக்கணும்."

வாதத்தில் தோற்றால் குளிக்கப் போய்விடுவது அவர் பழக்கம். அன்று காலையில் அது இரண்டாவது குளியல்.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்தபோது ஒரு திட்டமும் கூடவே வந்தது.

"உனக்குத்தான் மணிக்கட்டு வலி இருக்கே, கத்தரியை எப்படிப் பிடிப்பே? நீ தையலை மட்டும் பாரு. நான் வெட்டித் தரேன். எல்லாம் ஒரே அளவு, சதுரம் சதுரமா."

மனைவி அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீங்களா?"

"ஏன், நான் வெட்டினா துணி வெட்டுப்படாதா?"

"கேரட் நறுக்கித் தாங்கன்னா கண்ணு எரியுதும்பீங்க."

"அது வேற டிபார்ட்மென்ட்."

பெட்டியை இறக்கிப் பின்னறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினார். மகளின் துணிகளைப் பழைய படுக்கை விரிப்பில் போட்டு மூட்டையாகக் கட்டி, உடைந்த மேசைக்கு அடியில் தள்ளினார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைத் தையல்காரரிடம் ஓடினார்.

"வெட்டுத்துணி சாக்கு நிறைய இருக்கு சார், அள்ளிக்கோங்க. தலையணைக்கு அடைக்கத்தானே?"

"இந்தப் பச்சை வேண்டாம்பா. இன்னும் கொஞ்சம் வெளுத்த பச்சை. ஓரத்துல மஞ்சள் ஓடணும்."

"தலையணைக்கு உள்ள போறதுக்கு ஓரத்துல மஞ்சள் எதுக்கு சார்?"

ஸ்டோர்க்காரர் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாக்கைக் கொட்டித் தேட ஆரம்பித்தார். மகள் முதல் நாள் வேலைக்குப் போனபோது போட்டுக்கொண்ட நீலம். வீட்டில் போட்டுப் போட்டு நைந்துபோன பச்சை. அவளுக்குப் பிடிக்கவே பிடிக்காத ரோஸ், அப்பா வாங்கிவந்தாரே என்பதற்காக வாய் பேசாமல் உடுத்திக்கொண்டது. மகளுடைய நிறங்கள் இத்தனை தனக்கு மனப்பாடம் என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அப்படியே ஒரு துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தையல்காரர் மெஷினை நிறுத்தினார்.

"தூசி சார், துணித் தூசி. எனக்கும் அப்படித்தான் வரும்" என்று சொல்லிவிட்டு மறுபடி மெஷினை ஓட்டினார். நல்ல மனுஷன்.

அன்று சாயங்காலமே பின்னறையிலிருந்து சதுரங்கள் வர ஆரம்பித்தன. சதுரம் என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன். ஒன்று கோணல், இன்னொன்று அதற்கு அண்ணன். மனைவி வாங்கித் தரையில் பரப்பினாள்.

அப்போது மேனேஜர் வந்தது.

மேனேஜர் அந்த வீட்டுப் பூனை. பாப்பா தெருவிலிருந்து தூக்கிவந்து வளர்த்தது, பெயரும் அவள் வைத்ததுதான். நாள் முழுக்க ஒரு துரும்பைக்கூட அசைக்காமல், மற்றவர்கள் வேலை செய்வதை அரைக்கண்ணால் மேற்பார்வை பார்க்கும். அவள் கழற்றிப் போட்ட துணி எது கிடைத்தாலும் அதன்மேல் ஏறிப் படுத்துக்கொள்ளும். பெட்டி பரணுக்குப் போன பிறகு, சோறு தண்ணியில்லாமல் பரணையே பார்த்துக்கொண்டு கிடந்த ஜீவன்.

அது ஒரு துண்டை மோந்து பார்த்தது. இன்னொன்றை மோந்தது. தும்மியது. பிறகு அத்தனைக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

"என்னங்க, மேனேஜர் பாஸ் பண்ணலையே."

"பூனைக்கு என்ன தெரியும்?"

"அவ துணின்னா ஏறிப் படுத்துக்குமே."

"ஒரு வருஷம் ஆச்சு. மறந்திருக்கும்."

"நீங்க மறந்துட்டீங்களா?"

"நானா? நான் எப்படி மறப்பேன்?"

"அப்ப அது மட்டும் எப்படி மறக்கும்?"

ஸ்டோர்க்காரர் குளியல் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது மனைவி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பேச்சை அவள் மறுபடி எடுக்கவில்லை. அவர் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டார். அங்கேதான் அவர் சுதாரித்திருக்க வேண்டும். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பாதியில் விட்ட வாக்குவாதம் அது ஒன்றுதான்.

அதற்கப்புறம் தினமும் சாயங்காலம் ஒரு உத்தரவு வரும். ஒரு நாள் வெள்ளை நூல். மறுநாள் கறுப்பு நூல். "அப்படியே காலாற நடந்துட்டு வாங்க, சட்டை பட்டன் முறைச்சுக்கிட்டு நிக்குது" என்பாள். அவரும் நடந்துவிட்டு வந்தார். போர்வை வளர்ந்தது. அவர் அதன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போலி என்று தெரிந்தாலும், அந்த நிறங்களைச் சேர்த்துப் பார்க்க நெஞ்சு வலித்தது.

மத்தியானம் மனைவி கண் அசந்ததும் பின்னறைக்குள் நுழைவார். மேசைக்கு அடியில் கையை விட்டு மூட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொள்வார். முடிச்சை அவிழ்க்கமாட்டார், அவிழ்த்தால் மறுபடி கட்ட மனசு வராது. அதில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சத்தம் வராமல் வாயைப் பொத்திக்கொண்டு அழுவார்.

"பயப்படாதே கண்ணு. அப்பா இருக்கிற வரைக்கும் இதுல ஒரு நூல் வெளியே போகாது."

அழுது முடித்ததும் மனசு கொஞ்சம் லேசாகும். மூட்டையைத் தள்ளிவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, நன்றாகத் தூங்கி எழுந்தவர் மாதிரி கொட்டாவி விட்டபடி வெளியே வருவார்.

ஒரு நாள் காலையில் போர்வை முடிந்தது. மனைவி கட்டிலில் விரித்துச் சுருக்கம் நீக்கினாள். மேனேஜர் ஜன்னலிலிருந்து ஒரே தாவலாகத் தாவி அதன்மேல் குதித்தது. இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தது. முன்கால்களால் பிசைந்தது. நட்டநடுவில் சுருண்டு படுத்து, வீடே கேட்கிற மாதிரி குறுகுறுவென்று சத்தம் போட்டது. மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

பூனையையே ஏமாற்றிவிட்டோமே என்று ஸ்டோர்க்காரருக்கு ஒரு கணம் பெருமையாக இருந்தது. அடுத்த கணம் குனிந்து பார்த்தார். துண்டுகள் அத்தனையும் சதுரம். பிசிறில்லாத, அச்சு வார்த்த சதுரம். பிறந்ததிலிருந்து அவர் எதையும் இவ்வளவு நேராக வெட்டியதில்லை.

பின்னறைக்கு ஓடி முடிச்சை அவிழ்த்தார். அவர் வெட்டிய கோணல்களெல்லாம் ஒன்றுவிடாமல் உள்ளே இருந்தன. இடத்தை அடைக்கத் தையல்கடை மிச்சமும் கூடவே.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நிமிர்ந்தால் வாசலில் மனைவி.

"எப்ப எடுத்தே?"

"நீங்க வெள்ளை நூல் வாங்கப் போனப்ப."

"வெட்டிட்டியேடி... எல்லாத்தையும் வெட்டிட்டியே."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பச்சையை எடுத்துக் கத்தரியை வெச்சேன். கை ஓடலை. கீழ போட்டுட்டு ஓன்னு அழுதேன். அப்புறந்தான் வெட்டினேன். நீங்களும் கூட இருந்திருந்தா தாங்கியிருப்பீங்களா? அதான் நூல் வாங்க அனுப்பினேன்."

"மணிக்கட்டு வலிக்கலையா?"

"வலிச்சுது. அதுவா பெரிய வலி?"

அவர் அவிழ்ந்த மூட்டையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"இனிமே அவ வரமாட்டா, இல்லை?" என்று கேட்டார் ஸ்டோர்க்காரர். ஒரு வருஷமாக அவர் கேட்காத கேள்வி அது.

"ஆமாங்க, வரமாட்டா. போர்வை பெருசாத்தான் தெச்சிருக்கேன். ரெண்டு பேருக்கும் போதும்."

அவர் வாய்விட்டே அழுதார். இந்தத் தடவை வாயைப் பொத்திக்கொள்ளவில்லை. அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே தானும் அழுதாள். அழுகை ஓய்ந்த பிறகுதான் அவருக்கு இன்னொன்று உறைத்தது.

"அப்ப தினமும் மத்தியானம் நான் கட்டிப்பிடிச்சுக்கிட்டு..."

"தையல்கடைத் துணி."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"கதவுக்கு வெளியதானே நின்னுக்கிட்டிருந்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"மனசு ஆறட்டும்னு விட்டேன். எந்தத் துணியா இருந்தா என்ன, அழுகை நிஜந்தானே?"

அவள் முழங்காலில் கையூன்றி எழுந்து, அவர் மடியிலிருந்த மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

"இதைக் கொடுங்க, தரை துடைக்க ஆகும். நனைக்கிற வேலையும் மிச்சம்."