ஷட்டருக்குள் மாட்டிய மாப்பிள்ளை

புதிதாக மெக்கானிக்கல் டிப்ளமா வாங்கியவனைக் கொஞ்ச காலம் யார் எதிரிலும் பேச விடக் கூடாது. என்னையோ ஆரணிக்குப் பெண் பார்க்க அழைத்துப் போனார்கள். எழுபதுகளின் கடைசி அது.

பெண்ணின் அப்பாவுக்குப் பட்டுப்புடவைக் கடை. என் பெற்றோரை அடுத்த தெருவிலிருந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என்னைக் கடையில் உட்காரவைத்தார். தேவிகாபுரத்திலிருந்து வந்த குடும்பம் ஒன்று முகூர்த்தப் புடவை பார்த்துக்கொண்டிருந்தது.

“மெக்கானிக்கல்னா மிஷின் ரிப்பேருங்களா தம்பி?” என்றார் பெண்ணின் அப்பா.

சுருக்கென்றது. “இல்லீங்க. இந்த ஷட்டருக்கு மேல ஸ்பிரிங் இருக்கு பாருங்க. இறக்கினா முறுக்கும், ஏத்தினா தளரும். ஒரு முறுக்குல எஃகு உடையாது. ஆயிரக்கணக்கான தடவை முறுக்கினா களைச்சுப்போய், கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். ஒருநாள் திடீர்னு உடையும்.”

“பத்து வருசமா நல்லாத்தானே ஓடிகினு இருக்குது?”

“சத்தத்தை வெச்சே சொல்லிடலாங்க.” (அப்படி ஒரு சோதனை எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை.)

இறக்கினேன், ஏற்றினேன், காதைச் சாய்த்துக் கேட்டேன். எல்லோரும் புடவையை விட்டு என்னைப் பார்க்க, உற்சாகம் கூடியது. ஏழாவது தடவை இறக்கும்போது மேலே ‘டணார்’ என்றது. ஷட்டர் தடதடவென்று தரையில் விழுந்தது. கடை இருண்டது.

எல்லோரும் சேர்ந்து தூக்கியும் அசையவில்லை. இத்தனை நாள் அந்தப் பாரத்தை ஸ்பிரிங்தான் சுமந்திருக்கிறது.

“உடையும்னு சொன்னேன் இல்லீங்களா?” என்றேன். யாரும் பாராட்டவில்லை.

“மூணு மணி பஸ்ஸை உட்டா பேஜாருங்க,” என்றார் தேவிகாபுரத்துக்காரர்.

வெளியே கூட்டம் கூடிவிட்டது. அதில் ஒரு பெண் குரல்: “அப்பா, யாரு இழுத்தது?”

“உன்னைப் பாக்க வந்தவருதாம்மா.”

“அப்ப அவரையே நடுவுல நின்னு தூக்கச் சொல்லுங்க. நாங்க இங்கிருந்து கடப்பாரை போடறோம்.”

பக்கத்து அரிசி மில்லிலிருந்து வந்த ஆட்கள் கடப்பாரையால் நெம்ப, இரண்டடி உயர்ந்தது. முட்டுக்கொடுத்ததும் முதல் ஆளாகத் தவழ்ந்து வெளியே வந்தேன். பெண் பார்க்கப் போனவன் முதலில் பார்த்தது அவள் செருப்பைத்தான்.

என்ன நினைத்தாளோ, சம்மதித்துவிட்டாள்.

இன்றும் அந்த வீட்டில் யாருக்காவது வரன் தேடினால் என் மச்சினன் ஆரம்பித்துவிடுவான்: “எங்க மாமா நழுவப் பாத்தாரு. எங்கப்பா ஷட்டரை இறக்கிட்டாரு.” எஃகின் களைப்பைப் பற்றி விளக்க நான் வாயைத் திறப்பேன்.

“அதைப் பேசித்தான் மாட்டினாரு,” என்பாள் என் மனைவி.