மாமனாரை முந்த மலையேறிய கதை

தூத்துக்குடிக்காரர்களுக்கு மலையேற வராது என்று எழுதினால் ஊரில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். அதனால் எனக்கு வராது என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். எங்கள் ஊரில் மேடு என்றால் உப்பளத்து உப்புக் குவியல், அதை விட்டால் ரயில்வே மேம்பாலம். அந்தப் பாலத்தில் சைக்கிளை உருட்டிக்கொண்டு ஏறியதுதான் கல்யாணத்துக்கு முன்பு வரை என் மலையேற்ற அனுபவம். (இறங்கும்போது மிதிக்காமல் வந்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.)

அப்படிப்பட்டவனை மலைக்கு அனுப்பியவர் என் மாமனார். அப்போது அவர் மாமனார் ஆகவில்லை, ஆகப்போகிறவர். கப்பலில் போசன், அதாவது மேல்தளத்து ஆட்களுக்கெல்லாம் தலைவர். விடுமுறையில் வந்தால் மற்றவர்கள் கடற்கரைக்குப் போவார்கள். இவர் தண்ணீரைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர், மலைக்குப் போவார். தென்காசிக்கு மேற்கே ஒரு மலை. அடிவாரத்து ஊரில் தொடங்கி, தேயிலைத் தோட்டம் வரை ஏறி, வேறு பாதையில் இறங்கினால் அதே ஊருக்கு வந்துவிடலாம். மற்றவர்களுக்கு அது முழு நாள் வேலை. இவர் தனியாகப் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குள் திரும்பிவிடுவாராம். நாங்கள் பெண் பேசப் போயிருந்தபோது இதைச் சொல்லிவிட்டு, என் வயிற்றை ஒரு தடவை பார்த்தார்.

"மாப்ளைக்கு அதெல்லாம் எதுக்கு? ஆபீஸ்ல லிஃப்ட் இருக்கும்லா."

எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணப் பெண் ஜெனிட்டாவும் சிரித்தாள். அதுதான் தாங்கவில்லை. துறைமுகத்துச் சரக்கு ஏஜென்சி ஒன்றில் ஏசி அறையில் உட்கார்ந்து, கண்டெய்னர்களை மவுசால் நகர்த்துகிறவனுக்கும் ரோஷம் உண்டு. அவரைவிட வேகமாக அந்த மலையைச் சுற்றி வந்து, அதைப் போகிற போக்கில் சொல்வது போல அவர் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அதற்கு நான் தேர்ந்தெடுத்த நாளைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் பெண்ணும் மாப்பிள்ளையும் பங்குச் சாமியார் முன் உட்கார்ந்து ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, எழுத வேண்டும். பிறகு மூன்று ஞாயிறு பூசையில் அதை வாசிப்பார்கள். எங்கள் ஓலை அந்தச் சனிக்கிழமை சாயங்காலம். மூன்றாவது ஞாயிறு முடிந்த கையோடு கல்யாணம், கல்யாணம் முடிந்த கையோடு மாமா கப்பல் ஏற வேண்டும். ஒரு ஞாயிறு தவறினாலும் அவர் போய்விடுவார், திரும்பி வர ஒன்பது மாதம் ஆகும். அப்பா இல்லாமல் கல்யாணம் கிடையாது என்று ஜெனிட்டா தீர்மானமாகச் சொல்லியிருந்தாள். அப்படிப்பட்ட சனிக்கிழமையன்று, காலையில் ஒரு மலையை முடித்துவிட்டுச் சாயங்காலம் ஓலை எழுதலாம் என்று திட்டம் போட்டது நான்தான். அன்று நான் குடித்திருக்கவும் இல்லை.

வீட்டில் திருநெல்வேலிக்குச் சட்டை எடுக்கப் போவதாகச் சொல்லிவிட்டு, முந்தின ராத்திரியே தென்காசி போய்ச் சேர்ந்தேன். புது ஷூ, புது கைக்கடிகாரம், பையில் வெயிலுக்கு இரண்டு தொப்பி. ஆனி மாதச் சாரலில் ஈரம் சொட்டிக்கொண்டிருந்த மலைக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு இருக்க முடியாது. தெம்புக்கு எங்கள் ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கி வைத்திருந்தேன். பாதி ஏறுவதற்குள் அது பற்பசையாகிவிட்டது.

ஆனால் வேகம் மட்டும் குறையவில்லை. உண்மையிலேயே வேகமாக நடந்தேன். யாரையும் நிமிர்ந்து பார்க்காமல், அருவியைத் திரும்பிப் பார்க்காமல், ரயிலைப் பிடிக்கப் போகிறவன் மாதிரி ஏறினேன். அந்த வேகத்தை வீடியோ எடுத்து எடுத்தே போனின் சார்ஜைத் தீர்த்தேன். உச்சிக்குப் போனபோது எதிரே ஒன்றும் தெரியாத அளவுக்கு மூடுபனி. பாதை இரண்டாகப் பிரிந்தது. எது கிழக்கே இறங்கும், எது மேற்கே போகும் என்று சொல்ல ஆள் இல்லை, சூரியனும் இல்லை.

நான் பயப்படவில்லை. கடற்கரையில் பிறந்தவனுக்குத் திசை ரத்தத்தில் ஓடும் என்ற எண்ணம். காலையில் காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகும். மத்தியானத்துக்கு மேல் அது திரும்பி, கடலிலிருந்து நிலத்துக்கு வரும். ஐந்தாம் வகுப்புப் பாடம். சாயங்காலம் பீச்சில் உட்கார்ந்து சுண்டல் தின்கிறபோது நானே அனுபவித்ததும்கூட. கடல் கிழக்கே இருக்கிறது. எனவே காற்று முகத்தில் அடிக்கிற பாதைதான் ஊருக்குப் போகும் பாதை. எவ்வளவு தெளிவான மூளை பாருங்கள். காற்றும் நன்றாகவே முகத்தில் அடித்தது. கடலே கூப்பிடுகிறது என்று நினைத்துக்கொண்டு முன்னிலும் வேகமாக இறங்கினேன்.

வழியில் தோட்டத்தில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு அக்கா எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். கீழே என்று சொல்லிவிட்டு நிற்காமல் நடந்தேன். அவர் பின்னாலிருந்து கையை ஆட்டி ஏதோ கத்தினார். என் வேகத்தைப் பார்த்து உற்சாகப்படுத்துகிறார் என்று நினைத்து நானும் கையை ஆட்டினேன்.

ரோட்டுக்கு இறங்கியபோது ஒரு கடை. பெயர்ப் பலகையில் எழுத்தெல்லாம் வட்ட வட்டமாகத் தெரிந்தது. களைப்பு, கண் சுழல்கிறது என்று நினைத்தேன். எதிரே வந்த பஸ்ஸிலும் எழுத்து சுழன்றது. உட்கார்ந்து டீ கேட்டேன். கடைக்காரர், சாயா கடுப்பமாக, அதாவது ஸ்ட்ராங்காக வேண்டுமா, லைட்டாகப் போதுமா என்று விசாரித்தார். அந்தச் சாயாவில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. நான் தமிழ்நாட்டை விட்டே நடந்து போயிருந்தேன். மெதுவாக நடந்திருந்தாலாவது எல்லைக்கு இந்தப் பக்கம் மாட்டியிருப்பேன்.

அவரிடமே சார்ஜர் வாங்கிப் போனை உயிர்ப்பித்தேன். காலில் இரண்டு அட்டைகள் என்னைவிட நிதானமாகத் தங்கள் வேலையைச் செய்துகொண்டிருந்தன. போன் எழுந்ததும் ஜெனிட்டாதான் கூப்பிட்டாள்.

"எங்க இருக்கிய? ஃபாதர் முன்னால உக்காந்திருக்கோம்."

சட்டைக் கடையில் கூட்டம் என்று ஆரம்பித்தேன். அதற்குள் கடைக்காரர் யாரிடமோ மலையாளத்தில் சத்தமாகப் பேச, பொய்க்கு அங்கேயே முடிவு வந்தது. மலை, மாமாவின் சாதனை, மூடுபனி என்று எல்லாவற்றையும் கொட்டினேன். போன் ஸ்பீக்கரில் இருந்திருக்கிறது. ஓலை போச்சு, மாமா கப்பல் ஏறிவிடுவார், ஜெனிட்டா இனி முகத்திலேயே முழிக்க மாட்டாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது மாமாவின் குரல் கேட்டது.

"மாப்ள, காத்து எங்கன இருந்து அடிச்சிது?"

"முகத்துல, மாமா."

"முகத்துல காத்த வாங்கிக்கிட்டேவா நடந்திய?"

"கடல் காத்துன்னு நெனச்சேன்."



"ஆனி மாசம் மாப்ள. கச்சான்லா அடிக்கும்."

கச்சான் என்றால் மேற்குக் காற்று. ஆனி, ஆடியில் இரவு பகல் பார்க்காமல் அடிக்கும். எங்கள் கரையில் வள்ளம் தள்ளத் தெரியாத பிள்ளைக்கும் இது தெரியும். எனக்குத் தெரிந்திருக்கவில்லை, ஏனென்றால் எங்கள் ஆபீஸில் ஜன்னல் திறப்பதில்லை. போனில் யாரோ மூச்சுத் திணறச் சிரித்தார்கள். அது சாமியார் என்று பிறகு தெரிந்தது. சிரித்து முடித்துவிட்டு, ஞாயிறு முதல் பூசைக்கு முன்னால் நேரில் வந்து கையெழுத்துப் போட்டால் அன்றே வாசிக்கிறேன், இல்லையென்றால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

செங்கோட்டை, தென்காசி, திருநெல்வேலி என்று ஒவ்வொரு பஸ் ஸ்டாண்டிலும் நடத்துநர்களைக் கெஞ்சி, நின்றுகொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். கோயில் மணி அடிக்கிறபோது சேறும் ரத்தமுமாகப் போய்க் கையெழுத்துப் போட்டேன். ஜெனிட்டா என் காலையும் முகத்தையும் பார்த்துவிட்டு, தன் கைக்குட்டையைக் கொடுத்தாள். அந்தக் கைக்குட்டையால் எனக்குப் பாதி உயிர் திரும்பியது.

பூசையில் ஓலை வாசித்தார்கள். இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்று சாமியார் சொல்லி நிறுத்திய அந்த இடத்தில், முன் பெஞ்சில் மாமா தொண்டையைச் செருமினார். மொத்தக் கோயிலும் திரும்பிப் பார்த்தது. கடைசி வரிசையில் நின்ற நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் நிதானமாக வாயைத் துடைத்துக்கொண்டு முன்பக்கம் பார்த்தார். பூசை முடிந்து வெளியே வந்ததும் என் தோளில் கையைப் போட்டார்.

"தடை ஒண்ணும் இல்ல மாப்ள. தெசதான் இல்ல."

கல்யாணம் குறித்த நாளில் நடந்தது, அவரே பெண்ணைக் கைப்பிடித்துக் கொடுத்துவிட்டுக் கப்பல் ஏறினார். இன்றைக்கும் அவர் உலகத்தின் எந்த மூலையில் இருந்தாலும், குடும்ப வாட்ஸ்அப்பில் காலையில் ஒரு செய்தி வந்துவிடும். அதில் சுகமா என்ற விசாரிப்பெல்லாம் இருக்காது. "மாப்ள, தூத்துக்குடில இன்னைக்குக் கச்சான். பால் வாங்கப் போனா முதுகக் காட்டி நடங்க." மொத்தக் குடும்பமும் கீழே சிரிப்புப் பொம்மையாகப் போட்டுத் தள்ளும். ஜெனிட்டா மட்டும் பொம்மை போட மாட்டாள். நான் செருப்பை மாட்டும்போது சமையலறையிலிருந்து, பால் எந்த ஸ்டேட்ல வாங்கப் போறிய என்று கேட்பாள்.