குட்டி விழித்த பிறகு மத்தியானம்

அந்தக் காலத்துத் திருவண்ணாமலையில் பொழுது தானாக விடிந்ததே இல்லை. எங்கள் தெரு முனையில் இருந்த சங்குக்காரர்தான் அதை விடிய வைத்தார். நகராட்சிச் சங்கு இருந்த கொட்டகையில் அவருக்கு வேலை. உயரமான இரும்புக் கம்பத்தின் உச்சியில் சங்கு, கீழே ஒரு சின்ன அறை, அதற்குள் ஒரு கடிகாரம், ஒரு சுவிட்சு, ஒரு ஸ்டூல், அதன்மேல் காக்கிச் சட்டையில் அவர். காலை, மத்தியானம், ராத்திரி என்று அவர் சுவிட்சைத் தட்டத் தட்ட ஊர் எழுந்தது, சாப்பிட்டது, படுத்தது. சாயங்காலம் சூரியன்கூட அவரிடம் சொல்லிக்கொண்டுதான் மலைக்குப் பின்னால் இறங்குகிறது என்று பக்கத்து மெத்தைக்கடை பாய் சத்தியம் செய்வார்.

நான் கொட்டகைக்கு எதிர்மாடியில் வாடகைக்கு இருந்தேன். கூட்டுறவு ஆபீசில் கிளார்க், கல்யாணம் ஆகாதவன், தூக்கத்தில் மட்டும் கெட்டிக்காரன். எனக்கும் சங்குக்காரருக்கும் ஏழாம் பொருத்தம். நல்ல கனவாகப் பார்த்து, கனவில் வந்தவள் ஏதோ சொல்ல வாயைத் திறக்கிற நேரமாகப் பார்த்துத்தான் அவர் சங்கை அலற விடுவார். அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து ஒரு கனவைக்கூட நான் முடிவுவரை பார்த்ததில்லை.

நேரம் என்றால் அவருக்குச் சாமி மாதிரி. சாமியையே நேரத்தில்தான் வைத்திருந்தார். ஒரு தடவை உற்சவப் புறப்பாடு கொஞ்சம் தாமதமானபோது குருக்களை நிறுத்தி, சாமிக்கு இன்னா லேட்டு என்று விசாரித்தவர். தும்மல் வந்தாலும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் தும்முவார். எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்வார். ரகசியம் என்று அவர் சொன்னது செங்கம் ரோடுவரை கேட்கும்.

ஒரு வருஷம் தீபக் கூட்டம் வடிந்த மறுநாள், ஊரெல்லாம் ஒற்றைச் செருப்பும் கரும்புச் சக்கையுமாகக் கிடந்தபோது, கொட்டகை வாசலில் ஒரு நாய்க்குட்டியும் கிடந்தது. உள்ளங்கையில் அடங்குகிற சைஸ், பழுப்பு நிறம், கண்ணில் பாதித் தூக்கம். சங்குக்காரர் அதைத் தூக்கிப் பார்த்தார். பெயர் வைத்தால் செல்லமாகிவிடும், ஒழுங்கு கெட்டுவிடும் என்று குட்டி என்பதோடு நிறுத்திக்கொண்டார். நகராட்சிக் கட்டடத்தில் இருக்கிற ஜீவன் நகராட்சி நேரப்படிதான் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே அறிவித்தார்.

காலைச் சங்குக்குப் பின் பால். பால் குடித்த கையோடு பின்னால் இருந்த காலி மனைக்கு. அப்புறம் விளையாட்டு. அதையும் அவர் டூட்டியாகத்தான் செய்தார். தேங்காய் நார்க் கயிற்றின் ஒரு முனையைக் குட்டி கடித்து இழுக்கும், மறுமுனையை அவர் சிரிக்காமல், கோர்ட்டில் சாட்சி சொல்கிற முகத்தோடு பிடித்துக்கொண்டிருப்பார். மத்தியானச் சங்குக்குச் சோறு, பிறகு தூக்கம்.

குட்டி இந்த ஏற்பாட்டை மதித்ததாகத் தெரியவில்லை. காலி மனையில் அரைமணி நேரம் வண்டு பார்த்துவிட்டு அறைக்குள் வந்து ஸ்டூல் காலை நனைக்கும். கயிற்றை இழுக்கும்போதே கால்கள் மடங்கி, பல்லில் கயிறோடு தூங்கிவிடும். சரியாக மத்தியானச் சங்குக்கு முன்னால் அவர் மடியில் ஏறிச் சுருண்டுகொள்ளும்.

முதல் நாள் அவர் வழக்கம்போல் சுவிட்சைத் தட்டினார். தலைக்கு மேலே சங்கு அலறியதும் குட்டி காற்றில் எகிறி, அவர் சட்டையெல்லாம் நனைத்து, தண்ணீர் வாளிக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. அன்றைக்கெல்லாம் சோறு தொடவில்லை. மறுநாளும் அப்படியே. ராத்திரிச் சங்குக்கு அது நடுங்கிய நடுக்கம் என் ஜன்னல்வரை தெரிந்தது.

பிறகு அந்த மத்தியானம் வந்தது. வந்தது என்று சொல்வது தப்பு, வரவே இல்லை. ஆபீசில் நான் பசியோடு காது கொடுத்து உட்கார்ந்திருந்தேன். சங்கு ஊதவில்லை. வெயில் வெள்ளையாக நின்றது. ஓட்டலில் இலை போட்டுவிட்டுச் சோற்றைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். கடைக்காரர்கள் கதவில் கை வைத்தபடி தெருவைப் பார்த்தார்கள். வண்டி மாடுகள் நின்ற இடத்திலேயே கண்ணை மூடின. ஹெட் கிளார்க் பேனாவைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். எனக்கும் கண் செருகியது. ஊரே ஏதோ தண்ணீருக்கடியில் மெல்ல அசைகிற மாதிரி இருந்தது. மலைகூடக் கொஞ்சம் தள்ளிப்போய் உட்கார்ந்து கொட்டாவி விட்டதாக எனக்கு ஞாபகம். வெகு நேரம் கழித்துச் சங்கு ஊதியபோது யாருக்கும் சண்டை போடத் தெம்பில்லை.

விஷயம் இதுதான். குட்டி மடியில் தூங்கியிருக்கிறது. அது தானாக விழித்து, சோம்பல் முறித்து, காலி மனைக்குப் போகும்வரை சங்குக்காரர் சுவிட்சில் கை வைக்கவில்லை. அதற்கடுத்த நாளும் ஊர் குட்டி நேரப்படிதான் சாப்பிட்டது.

நகராட்சி மேனேஜர் நேரிலேயே வந்துவிட்டார். தெருவே கூடி நின்றது. சங்குக்காரர் குட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"அதுக்குக் காது சின்னதுங்க சார்," என்றார். "எனக்கு இந்தச் சங்குலயே போயிடுச்சு. அதுக்கும் போவணுமா?"

அவர் கத்திப் பேசியது குணத்தால் இல்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்கு உறைத்தது. எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மேனேஜர் குட்டியின் காதை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். ஆனாலும் அவருக்கும் மேலே ஆட்கள் இருந்தார்கள். இனிமேல் ஒரு வேளை தவறினாலும் நாய் வெளியே, நீங்கள் குப்பை வண்டிக்கு, ஒரு வாரத்தில் வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

முதலில் பாய் உதவிக்கு வந்தார். மத்தியானத்தில் குட்டியைத் தம் கடைப் பஞ்சுக் குவியலுக்குள் புதைத்து வைத்தார். அது தலைமுதல் வால்வரை வெள்ளையாகி, தும்மித் தும்மி, சங்கு ஊதுகிற நேரத்துக்குச் சரியாகக் கொட்டகைக்கே ஓடி வந்தது. பிறகு பழைய சட்டையில் சுற்றி வைத்தும் பார்த்தார்கள். அப்போதும் நடுங்கியது, அப்போதும் பட்டினி. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது.

அப்புறம்தான் சங்குக்காரர் குட்டியின் நாளில் ஒரு புதுப் பாடம் சேர்த்தார். பாலுக்குப் பிறகு அதைத் தொடையில் உட்கார வைத்து, இரண்டு கையாலும் அதன் காதுகளைப் பொத்திக்கொண்டு, தானே சங்காகி, மெல்லிசாக ஊ என்று ஊதினார். ஊதியதும் ஒரு துண்டு பொரை பிஸ்கட். மறுநாள் இன்னும் கொஞ்சம் உரக்க. அவருக்குத் தம் சத்தம் எவ்வளவு என்று தெரியாததால் எதிர்மாடியிலிருந்து நான் ஜாஸ்தி, கம்மி என்று கை காட்டினேன். இரண்டு நாளில் பாயும் கடையிலிருந்தே சேர்ந்து ஊதினார். தூக்கமே சொத்தென்று இருந்த நானும் விடிகாலையில் ஜன்னலில் நின்று ஊ என்று இழுத்துக்கொண்டிருந்தேன். பனியில் மூன்று ஆண்பிள்ளைகள் இப்படி ஊதிக்கொண்டிருப்பது கனவா நிஜமா என்று எனக்கே சில நாள் தெரியவில்லை.

குட்டி ஒரு காலையில் மூக்கை மேலே தூக்கித் தானும் ஊதியது. உடனே பக்கத்து வீட்டம்மா வெளியே வந்து, தெருவில் நாய் ஊளையிட்டால் குடும்பத்துக்கு ஆகாது, அதைப் போய் யாராவது பழக்குவார்களா என்று சண்டைக்கு வந்தார்.

"ஊளை இல்லீங்கம்மா," என்றார் சங்குக்காரர் பணிவாக. "சங்குங்க."

மேனேஜர் வருகிற நாளில் நான் அரை நாள் லீவு போட்டேன். மத்தியானம் நெருங்கியது. குட்டி வழக்கம்போல் மடியில் செத்த மாதிரி தூங்கியது. மேனேஜர் கைக்கடிகாரத்தையும் சங்குக்காரர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உலுக்கி எழுப்பினால் பயந்துவிடும், எழுப்பாவிட்டால் வேலை போய்விடும். அவர் குட்டியின் காதுகளைப் பொத்திக்கொண்டு குனிந்து, மெல்ல ஊ என்றார். கடையிலிருந்து பாய் ஊ என்றார். மாடியிலிருந்து நான். ஒரு கண் திறந்தது. பிறகு இன்னொன்று. குட்டி கால்களை நீட்டி, சாவகாசமாகக் கொட்டாவி விட்டு, மூக்கை உயர்த்தி ஊதியது. அது ஊதும்போதே சங்குக்காரர் முழங்கையால் சுவிட்சை அழுத்தினார். சங்கு அலறி முடிகிறவரை குட்டி நிறுத்தவில்லை. முடிந்ததும் சோற்றுத் தட்டை நோக்கி நடந்தது.

"டைம் கரெக்டு," என்றார் மேனேஜர். "ஆனா முன்னாடியே யாரோ ஊதினாங்களே?"

"அது ரிகர்சலுங்க சார்," என்றார் பாய்.

மேனேஜர் வாயைக் கைக்குட்டையால் பொத்திக்கொண்டு வேகமாகப் போய்விட்டார். நான் இறங்கிப் போனேன். குட்டி தட்டை நக்கிக்கொண்டிருந்தது. சங்குக்காரர் தம் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இது ஊதறது எப்டி இருக்குது?" என்றார். "எனக்குக் கையில மட்டும் ஜிவ்வுனு தெரியுது. காதுல விழல."

துருப்பிடித்த கேட்டைத் திறக்கிற சத்தம் அது. நான் அவர் காதருகே குனிந்து, தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னேன்.

"ரொம்ப நல்லா இருக்குதுண்ணா. இன்னொரு தடவை ஊதச் சொல்லுங்க."