அசையாத அண்ணன்

கணபதி ஏரியாவில் ஒரு பம்ப்செட் கம்பெனி வராந்தா. இருமல் வந்தால்கூட விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான் அமிர்தநாதன். "உக்காருங்க தம்பி, மொதலாளி உள்ளதான் இருக்கறாரு" என்று காலையில் ஆபீஸ் பெருக்கும் ராசாத்தாள் சொன்னதோடு சரி. மத்தியானமாகியும் இன்டர்வியூவுக்கு யாரும் கூப்பிடவில்லை.

இதுதான் பரீட்சை என்று அவன் கண்டுபிடித்துவிட்டான். "காத்திருக்கத் தெரிஞ்சவனுக்குத்தான் மூளை ஜாஸ்தியாம். வெளிநாட்டுல ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க" என்று மாலை வகுப்பில் வெங்கடபதி சார் சொல்லியிருந்தார்.

இதிலும் தோற்றால் ஷைலா கிடையாது. எஸ்.டி.டி. பூத் வைத்திருக்கும் அவள் அப்பா, "ஞாயித்துக்கெழம சர்ச் பூசைக்கு வேலையோட வாங்க, கல்யாணத்தப் பேசிக்கலாம்" என்று சொல்லிவிட்டார்.

சிக்கல் எதிர் நாற்காலியில் இருந்தது. மடியில் டிபன் பையோடு ஒரு பெரியவர். கரண்ட் போயும் அவர் வேர்வையைத் துடைக்கவில்லை. மூக்கில் உட்கார்ந்த ஈ, தானே அலுத்துப்போய்ப் பறந்தது. அமிர்தநாதனுக்கு உடம்பு சிலிர்த்தது. என்ன மனுஷர்! எவ்வளவு மூளை இருக்க வேண்டும்!

"டீ குடிக்கறீங்களா?" என்றாள் ராசாத்தாள்.

"இருக்கட்டுங்க அம்மணி" என்றார் பெரியவர்.

"எனக்கும் இருக்கட்டுங்க" என்றான் அவசரமாக.

டீ இல்லாத வயிறு சத்தம் போட்டது. அதை அடக்கப் பானைத் தண்ணீரைச் சொம்பு சொம்பாகக் குடித்தான். வயிறு அடங்கியது; வேறொன்று தொடங்கியது. அதை அடக்கக் கால்களைப் பின்னிக்கொண்டான். ஒரு கால் மரத்துப்போனது.

"ஏனுங்கண்ணா, உங்களால மட்டும் எப்படிங்க முடியுது?" என்று பெரியவரைக் கேட்டான்.

"அவசரம் என்னத்துக்கு கண்ணு? கூப்புடுவாங்க."

தனக்கு மூளைதான் குறைவா, இல்லை ஷைலா மேல் ஆசைதான் அதிகமா என்று அமிர்தநாதனுக்குப் புரியவில்லை. யோசிக்கவும் நேரமில்லை. ராசாத்தாளைத் தேடி எழுந்தான். மரத்த கால் மடங்கியது. முதலாளி அறைக் கதவின்மேல் தடாலென்று விழுந்தான். தாழ்ப்பாள் தெறித்தது, தலை முதலில் உள்ளே போனது.

"மன்னிச்சுக்குங்க, இனிமே தாங்காதுங்க!"

முதலாளி துள்ளி எழுந்தார். "அப்படிப் போடுங்க! சொன்ன தேதிக்குச் சாமான் தராத பட்டறைங்களைப் போயி வெரட்டற வேலைங்க இது. எவனாச்சும் கதவைத் தட்டுவானான்னு காலைல இருந்து பாக்கறேன். நீங்க ஒடைச்சே போட்டீங்க! நாளைக்கே வந்துருங்க. வேற ஏதாச்சும் கேக்கோணுங்களா?"

"பாத்ரூம் எங்கீங்க?"

அவன் திரும்பி வந்தபோது பெரியவர் அப்படியே உட்கார்ந்திருந்தார். அமிர்தநாதனுக்கு நெஞ்சு உறுத்தியது. ராசாத்தாளிடம் மெல்லச் சொன்னான்: "பாவமுங்க. அவ்வளவு பொறுமைசாலி. அவரு வேலையை நான் பறிச்சுப்போட்டனே!"

"நீங்க எங்கீங்க பறிச்சீங்க?" என்றாள் ராசாத்தாள். "அவரைத்தான் அந்த வேலையிலிருந்து போன மாசமே நிறுத்திப்போட்டாங்களே! திரும்பக் கூப்புடுவாங்கன்னு உக்காந்திருக்கறாரு."